உல்லன் நூலில் ஒரு பவளப்பாறை: வேற்றுலக உயிர்த் தேடலுக்கும் குரோஷா ஊசிக்கும் என்ன சம்பந்தம்?

பூமிக்கு வெளியே உயிர் இருக்கிறதா என்று கேட்டால், நம் கண்முன் வருவது ராக்கெட், ரோவர், தொலைநோக்கி. கொக்கி ஊசியும் உல்லன் நூலும் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால், 2005-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில், ஒரு வீட்டு ஹாலில் தொடங்கிய குரோஷா வேலை, பிறகு லண்டன் ஹேவர்டு கேலரி, வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், 2019-ன் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சி வரை போனது. ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து பின்னிய பவளப்பாறை அது. பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அது அத்தனை தூரம் போகவில்லை. ‘உயிர் ஏன் இப்படிப்பட்ட வடிவங்களை எடுக்கிறது, வேறு எங்காவது உயிர் இருந்தால் அதுவும் இப்படித்தான் இருக்குமா?’ என்ற பெரிய கேள்வியைக் கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி அது ஆக்கித் தருகிறது.

எப்படி? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முதலில் கணக்கு, அப்புறம் கடல், கடைசியில் வானம்.

டேபிள் மேட், தொப்பி, ஃபிரில்

குரோஷா தெரிந்தவர்களுக்கு இது ரொம்பச் சாதாரண விஷயம். தெரியாதவர்களுக்காக: குரோஷாவில் ஒரே ஒரு கொக்கி ஊசி. நூலை வளைத்து, வளையத்துக்குள் இழுத்து, ஒவ்வொன்றாகக் கண்ணி போட்டுக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஆறு கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் கிடைக்கும். டேபிள் மேட் ரெடி. ஆறுக்குப் பதில் குறைவாகக் கூட்டினால் ஓரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அது குழந்தைக்குப் போடும் தொப்பி. ஆறைவிட அதிகமாகக் கூட்டினால்? ஓரத்துக்கு இடம் பத்தாது. மேலும் கீழும் அலையடித்து, பாவாடை ஃபிரில் மாதிரி சுருண்டுகொள்ளும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் கணக்குத் தப்பி இந்த ஃபிரில்லைப் போட்டுவிட்டு, “ஐயோ, சுருட்டிக்கிச்சே” என்று பிரித்துவிடுவார்கள். அந்தச் சுருட்டலுக்குக் கணிதத்தில் ஒரு கனமான பெயர் இருக்கிறது: ஹைபர்பாலிக் பரப்பு.

பள்ளியில் படித்த யூக்ளிட் வடிவியலில், ஒரு கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி இருந்தால், அதன் வழியாக ஒரே ஒரு இணைகோடுதான் வரைய முடியும். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரி. இந்த விதி எல்லா இடத்துக்கும் பொருந்தித்தான் ஆக வேண்டுமா என்று 19-ம் நூற்றாண்டில் ரஷ்யாவின் லோபசேவ்ஸ்கி, ஹங்கேரியின் போல்யாய், ஜெர்மனியின் காஸ் மூவரும் தனித்தனியாக யோசித்தார்கள். பொருந்த வேண்டியதில்லை என்று கண்டார்கள். ஒரே புள்ளி வழியாக எண்ணற்ற இணைகோடுகள் போகிற, முக்கோணத்தின் கோணங்கள் 180-க்குக் குறைகிற ஓர் உலகம் தர்க்கத்தில் எந்த ஓட்டையும் இல்லாமல் நின்றது. போல்யாயின் அப்பாவும் கணித மேதைதான். ‘இந்த இணைகோட்டு விவகாரத்தில் மட்டும் தலையைக் கொடுக்காதே’ என்று மகனிடம் அவர் மன்றாடினாராம். அந்த அளவுக்கு ஆளை விழுங்கும் புதிர் அது.

தர்க்கம் சரி. கையில் பிடித்துப் பார்ப்பது எப்படி? காகிதத்தை ஒட்டிச் செய்த மாதிரிகள் இருந்தன. இரண்டு முறை வகுப்புக்கு எடுத்துப் போனால் கிழிந்துவிடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாட்வியக் கணிதவியலாளர் டைனா டைமினா, 1997-ல் அப்படியொரு காகித மாதிரியைப் பார்த்துவிட்டு, இதை நூலில் செய்தால் என்ன என்று நினைத்தார். சின்ன வயதிலேயே கைவேலை பழகியவர். முதலில் இரண்டு ஊசிப் பின்னலில் முயன்றார். கண்ணிகள் பெருகிப் பெருகி ஊசி கொள்ளவில்லை. குரோஷாவில் அந்தத் தொந்தரவு இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கண்ணிதான் கொக்கியில் இருக்கும். ‘இத்தனை கண்ணிக்கு ஒன்று கூட்டு’ என்ற ஒரே விதியை விடாமல் பின்பற்றினால் போதும், ஹைபர்பாலிக் பரப்பு தானாக வளர்கிறது. அதன் மேல் வேறு நிற நூலால் நேர்கோடுகளைத் தைத்து, இணைகோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுவதை மாணவர்களுக்குக் காட்டினார்.

இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம், பிரிட்டனில் வருடா வருடம் ‘விசித்திரமான தலைப்பு’க்கென்று தரப்படும் டயகிராம் பரிசை முதலில் வாங்கியது. பிறகு, 2012-ல் அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்றின் ஆய்லர் புத்தகப் பரிசையும் வாங்கியது. சிரித்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், உட்கார்ந்து படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

‘கணித மேதைகளால் முடியாததைக் குரோஷா முடித்துக் காட்டியது’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. மாதிரிகள் முன்பே இருந்தன. உறுதியாக, மடக்கி நீட்டி விளையாடும்படி செய்ததுதான் டைமினாவின் சாதனை. அதுவே பெரிய விஷயம்.

விதியைக் கொஞ்சம் மீறினால்…

மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தீம் இரட்டைச் சகோதரிகள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிறந்து, லாஸ் ஏஞ்சலீஸில் குடியேறியவர்கள். மார்கரெட் இயற்பியலும் கணிதமும் படித்த அறிவியல் எழுத்தாளர். கிறிஸ்டீன் கவிஞர், கலைஞர். டைமினாவின் முறையைக் கற்றுக்கொண்டு இருவரும் பின்னத் தொடங்கினார்கள். பின்னிப் பின்னி டீப்பாய் மேல் குவித்துவைத்த உருவங்களைப் பார்த்தபோது, சொந்த ஊர் கடல் ஞாபகம் வந்தது. குயின்ஸ்லாந்தின் கரையை ஒட்டித்தான் உலகின் மிகப் பெரிய பவளத் திட்டான கிரேட் பேரியர் ரீஃப் இருக்கிறது. கடல் சூடாகி அந்தப் பவளங்கள் வெளுத்துப்போகும் செய்திகள் வந்துகொண்டிருந்த நேரம். இதையே ஒரு பவளப்பாறையாகப் பின்னினால் என்ன? 2005-ல் வேலை தொடங்கியது.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. டைமினா சொன்ன விதியை அப்படியே பின்பற்றினால் வருவது கச்சிதமான கணித மாதிரி. அழகுதான், ஆனால் உயிருள்ளது போலத் தோன்றாது. எல்லாம் ஒரே சீராக இருக்கும். சகோதரிகள் விதியைக் கொஞ்சம் மீறினார்கள். ஐந்து கண்ணிக்கு ஒன்று கூட்டுவதை நடுவில் மூன்றுக்கு ஒன்றாக மாற்றினார்கள். ஓரிடத்தில் அடர்த்தியாக, ஓரிடத்தில் விட்டுவிட்டுக் கூட்டினார்கள். நூலை மாற்றினார்கள். உடனே மூளைப் பவளம் போல ஒன்று, கடற்பாசி போல ஒன்று, ஓடில்லாத கடல் நத்தை போல ஒன்று என்று வரத் தொடங்கின. அடுத்தடுத்து சேர்ந்தவர்கள், முன்னவர் செய்ததைப் பார்த்து, அதில் சின்ன மாற்றம் செய்து, இன்னொன்றைப் பின்னினார்கள்.

ஒரு விதி. அதை நகல் எடுக்கிறோம். நகலில் சிறு மாற்றம். மாற்றத்தில் சில நிலைக்கின்றன, சில கைவிடப்படுகின்றன. இதற்கு உயிரியலில் என்ன பெயர் என்று பத்தாம் வகுப்பு மாணவர்கூடச் சொல்லிவிடுவார். டி.என்.ஏ.வில் நான்கே வேதி எழுத்துகள். அவற்றை நகல் எடுக்கும்போது நேரும் சிறு பிசகுகளும், இயற்கைத் தேர்வும் சேர்ந்துதான் சுமார் 350 கோடி ஆண்டுகளில் பாக்டீரியாவிலிருந்து பலா மரம்வரை கொண்டுவந்திருக்கின்றன. ‘டார்வின் சொன்ன பரிணாமத்துக்கு உட்படக்கூடிய, தன்னைத் தானே பேணிக்கொள்ளும் வேதி அமைப்பு’ என்பதுதான் வேற்றுலக உயிரைத் தேடும்போது நாசா வைத்துக்கொண்டிருக்கும் உயிரின் வரையறை. வெர்தீம் சகோதரிகளும் தங்கள் குவியலை ‘குரோஷா உயிர் மரம்’ என்றே பார்க்கிறார்கள்.

ஒப்புமையை ரொம்ப இழுக்கக் கூடாது. நூலுக்குப் பசி கிடையாது, இனப்பெருக்கம் கிடையாது. எது பிழைக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு மனிதரின் ரசனை. இயற்கைத் தேர்வுக்கு ரசனையில்லை. ஆனாலும், ‘ஒரு எளிய விதியில் இருந்து இத்தனை விதமான உருவங்களா!’ என்ற வியப்பைப் பாடப்புத்தகப் படத்தைவிட இது நன்றாகப் புரியவைக்கிறது.

பவளம் ஏன் சுருள்கிறது?

பவளம் என்பது கல்லும் இல்லை, செடியும் இல்லை. பாலிப் எனப்படும் சிறு விலங்குகளின் கூட்டம். இருந்த இடத்தைவிட்டு நகர முடியாத உயிருக்கு, தண்ணீரில் வருகிற உணவையும் மேலிருந்து வருகிற வெளிச்சத்தையும் முடிந்தவரை பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பரப்பு வேண்டும். கிடைக்கிற இடமோ கொஞ்சம். சின்ன இடத்துக்குள் பெரிய பரப்பை அடைக்க நல்ல வழி, மடிப்பு மடிப்பாகச் சுருண்டுகொள்வது. கீரை இலையின் ஓரம், கோழிக்கொண்டைப் பூ, தட்டைப்புழுவின் விளிம்பு எல்லாவற்றிலும் இந்தச் சுருளைப் பார்க்கலாம்.

இப்படிச் சுருள்வதற்கு அந்த உயிர் ஹைபர்பாலிக் கணக்கைப் படித்திருக்க வேண்டியதில்லை. நடுப்பகுதியைவிட ஓரம் வேகமாக வளர்ந்தால் போதும். டெக்ஸாஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கிழித்தால் கிழிந்த ஓரம் நீண்டு, அலைக்குள் அலையாகச் சுருள்வதைக் காட்டினார்கள். சந்தேகமாக இருந்தால் வீட்டில் ஒரு மெல்லிய கேரி பேக்கை மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். கீரை ஓரமும் கேரி பேக்கின் ஓரமும் ஒரே மாதிரி நெளியும். உயிர் உள்ளதுக்கும் இல்லாததுக்கும் ஒரே இயற்பியல்.

அப்படியானால், வேறொரு கடலில்?

அஸ்ட்ரோபயாலஜி எனப்படும் விண்ணுயிரியலின் பெரிய தலைவலி, அதற்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு மாதிரி என்பது. பூமியில் உள்ள எல்லா உயிருக்கும் மூதாதை ஒன்றுதான். மனிதர், காளான், கொசு எல்லாமே ஒரே குடும்பம். ஒரே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, ஊரில் உள்ள மற்ற வீடுகள் எப்படி இருக்கும் என்று சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? அதே நிலைதான்.

இதில் உயிரியலாளர்களிடையே இரண்டு கட்சி உண்டு. அமெரிக்காவின் ஸ்டீபன் ஜே கூல்ட், பரிணாமம் என்ற டேப்பை ரீவைண்ட் செய்து மறுபடி ஓடவிட்டால் முற்றிலும் வேறு உயிர்கள்தான் வரும் என்றார். எல்லாம் தற்செயல். பிரிட்டனின் சைமன் கான்வே மோரிஸ் இதை ஏற்கவில்லை. மீனும் டால்பினும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே உருவத்தை அடைந்தன. கேமரா போன்ற கண், நமக்கும் கணவாய்க்கும் தனித்தனியாக உருவானது. இயற்பியல் அனுமதிக்கிற நல்ல தீர்வுகள் சில மட்டுமே என்பதால், உயிர் திரும்பத் திரும்ப அவற்றிடமே போய்ச் சேரும் என்பது அவர் கட்சி.

குரோஷா பவளப்பாறை இந்த வழக்கில் சாட்சி சொல்ல முடியாது. ஆனால், இரண்டு தரப்பும் சொல்வதை ஒரே மேஜையில் வைத்துக் காட்டுகிறது. ஒவ்வொருவரும் விதியை எங்கே, எப்படி மீறுவார் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எந்த இரண்டு பவளமும் ஒன்றுபோல் இல்லை. அது கூல்ட் கட்சி. அதே சமயம், யார் பின்னினாலும், எந்த நாட்டில் பின்னினாலும், கண்ணியை அதிகமாகக் கூட்டினால் சுருண்டுதான் ஆக வேண்டும். தட்டையாக இருக்கவே முடியாது. அது கான்வே மோரிஸ் கட்சி. எனக்கு இரண்டாவதன் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. இன்னொரு உலகத்தின் வெளிச்சமுள்ள கடலில், ஓரிடத்தில் வேர்பிடித்து உட்கார்ந்து, தண்ணீரில் வருவதை வடிகட்டித் தின்னும் உயிர் ஒன்று இருந்தால், அதன் உடலில் ஒரு ஃபிரில் இருக்கும் என்று பந்தயம் கட்டலாம்.

ஆனால் நம் சூரியக் குடும்பத்தில் அப்படிப்பட்ட கடல் இப்போது பூமியைத் தவிர எங்கும் இல்லை. சனியின் நிலவான என்செலடஸ், குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர் மட்டுமே. அதன் பனி ஓட்டுக்குக் கீழே கடல் இருக்கிறது. அந்தக் கடல்நீர் விரிசல்கள் வழியாக விண்வெளியில் பீய்ச்சியடிப்பதை காசினி விண்கலம் கண்டது. அதில் ஹைட்ரஜன் இருப்பது 2017-லும், உயிருக்கு அவசியமான பாஸ்பரஸ் இருப்பது 2023-லும் அறிவிக்கப்பட்டன. வியாழனின் நிலவான யூரோபாவை நோக்கி 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோபா கிளிப்பர், 2030-ல் போய்ச் சேரும். இங்கெல்லாம் விஞ்ஞானிகள் எதிர்பார்ப்பது, மிஞ்சிப்போனால் நுண்ணுயிர்களை. பவளம் போன்ற உடல்கொண்ட விலங்கு பூமியிலேயே உயிர் தோன்றி சுமார் 300 கோடி ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

காசினியின் முடிவைக் கவனிக்க வேண்டும். எரிபொருள் தீரும் நேரத்தில், அது தவறிப்போய் என்செலடஸில் விழுந்து, பூமியின் கிருமிகளால் அந்தக் கடலைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, 2017 செப்டம்பர் 15 அன்று அதைச் சனி கோளுக்குள்ளேயே விழவைத்து எரித்தார்கள். அங்கே உயிர் இருக்கலாம் என்ற சாத்தியத்துக்காக எடுத்த கவனம் அது.

இங்கே இருக்கும் கடல்

பவளத்தின் உடலுக்குள் சிறு பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் சமைக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் பிழைக்கிறது. நிறமும் அவற்றால்தான். கடல்நீர், கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் இருந்தாலே பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. வெள்ளை எலும்புக்கூடு தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியில் சாகும்.

கிரேட் பேரியர் ரீஃப், 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 என்று அடுத்தடுத்து வெளுத்தது. 2016-லிருந்து ஆண்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளி எவ்வளவு குறைந்துவிட்டது என்று பாருங்கள். உலக அளவில் நான்காவது பெருவெளுப்பு நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். ஓராண்டு கழித்து எடுத்த கணக்கில், உலகப் பவளப் பரப்பில் 84 சதவீதம் அந்த வெப்பத்தைத் தாங்க வேண்டியிருந்தது. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையிலான மன்னார் வளைகுடாப் பவளங்களும் 2010, 2016 ஆண்டுகளில் வெளுத்தவைதான். பூமி 2 டிகிரி சூடானால் வெப்பக் கடல் பவளங்களில் 99 சதவீதத்துக்கு மேல் போய்விடும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2018-லேயே எழுதிவிட்டது. கடலடித் தரையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடம்தான் பவளத்துடையது. கடல்வாழ் இனங்களில் நான்கில் ஒரு பங்கு அதை நம்பியிருக்கிறது.

வெர்தீம் சகோதரிகள் இதையும் பின்னினார்கள். வண்ணப் பாறைக்குப் பக்கத்தில் வெள்ளையும் வெளிர் நிறமுமாக வெளுத்த பாறை. அதற்குப் பக்கத்தில் நச்சுப் பாறை. கேரி பேக்கைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, பழைய வீடியோ டேப்பைச் சேர்த்துப் பின்னியது. நம் ஊரில் ஒயர்கூடை பின்னிப் பழகிய கைகளுக்கு இதன் நுட்பம் உடனே பிடிபடும். பசிபிக் கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் குப்பையைப் பற்றிப் படித்துவிட்டு, தங்கள் வீட்டில் சேரும் பிளாஸ்டிக் குப்பையை நான்கு ஆண்டுகள் வெளியே போடாமல் சேர்த்தும் வைத்தார்கள். அதுவும் ஒரு வலைக்குள் தொங்கும் காட்சிப்பொருளானது.

கலையா, கைவேலையா?

இதனால் ஒரு பவளமாவது பிழைத்ததா என்று கேட்டால், நேரடிப் பதில் கிடையாது. அக்ரிலிக் நூலும் ஒருவகை பிளாஸ்டிக்தானே என்று கிண்டல் செய்கிறவர்களும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. என்றாலும் இந்தத் திட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 50-க்கும் மேற்பட்ட ஊர்களில், உள்ளூர் மக்கள் தங்கள் ஊருக்கென்று ஒரு பாறையைப் பின்னியிருக்கிறார்கள். ஜெர்மனியின் பாடன்-பாடன் நகர அருங்காட்சியகத்தில் 2022-ல் வைத்த பாறைக்குச் சுமார் 4,000 பேர், 40,000-க்கும் மேற்பட்ட பவளங்களை அனுப்பினார்கள். பெரும்பாலும் பெண்கள். ‘சும்மா பொழுதுபோக்குக்குப் பின்னுது’ என்று வீட்டிலேயே ஒதுக்கப்பட்ட வேலை. பின்னியவர்களின் பெயர்களையும் பாறையோடு சேர்த்து எழுதிவைக்கிறார்கள். ஒரு கலைஞரின் பெயர் மட்டும் சுவரில் இருக்கும் அருங்காட்சியகத்தில் இது சின்ன விஷயமில்லை.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். குரோஷாவை மெஷினில் விட்டு எடுக்க முடியாது. கடையில் வாங்கும் குரோஷா துணியையும் யாரோ ஒருவர் கையால்தான் பின்னியிருக்கிறார். உள்ளங்கை அளவு பவளத்துக்கே ஒரு மாலை முழுதும் போய்விடும். உண்மையான பவளமும் அப்படித்தான். கெட்டியான மூளைப் பவளங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன.

நீங்களும் செய்து பார்க்க

இருபது கண்ணியில் ஒரு சங்கிலி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வரிசையில் ஐந்து கண்ணி சாதாரணமாக, ஆறாவதில் மட்டும் ஒரே துளையில் இரண்டு தடவை. இதையே வரிசைக்கு வரிசை திரும்பச் செய்யுங்கள். நாலைந்து வரிசையில் ஓரம் நெளியத் தொடங்கும். பத்தாவது வரிசையில் கண்ணி ஏறக்குறைய 90 ஆகியிருக்கும். இறுகலாகச் சுருள வேண்டுமானால் மூன்றுக்கு ஒன்று கூட்டலாம். ஆசைப்பட்டு ஒவ்வொரு கண்ணியிலும் கூட்ட மட்டும் ஆரம்பிக்காதீர்கள். இருபது நாற்பதாகி, நாற்பது எண்பதாகி, பத்தாவது வரிசைக்கு 20,480 கண்ணி வேண்டும். அந்த ஒரு வரிசைக்கே வீட்டில் உள்ள நூல் அத்தனையும் காலி.